ஐம்பத்து மூன்று மணியும் என் இடது காலும்

எனக்கு வந்த உடல் வருத்தம் முதலில் கண்ணில்தான் ஏறியது. ஒருநாள் காலை, உட்துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்ற கோதுமைக் கப்பல் ஒன்றில் ஏறிக் கப்டனின் அறைக்குள் போனேன். உள்ளே இரண்டு கப்டன்கள் தோளோடு தோள் உரச நின்றார்கள். ஒரே முகம், ஒரே செந்தாடி. இரட்டைப் பிள்ளைகள் போலும் என்று நினைத்து இருவருக்கும் தனித்தனியே காலை வணக்கம் சொல்லி, இருவருக்கும் கை நீட்டினேன். இரண்டாவது கப்டனின் கை என் கைக்குள் அகப்படவேயில்லை.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. நான் திருகோணமலைத் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். கப்பல் வந்தால் லாஞ்சியில் போய், கேங்வே என்று நாங்கள் சொல்லும் பக்கப்படியில் ஏறி, கப்பலின் பத்திரங்களை வாங்கிவருவது என் வேலை. மற்றக் கிளாக்கர்மார் கந்தோருக்குள் புழுங்கிக்கொண்டிருக்க, நான் மட்டும் கடற்காற்று வாங்கி, கப்டன் தருகிற கோப்பியைக் குடித்து, நாலு நாட்டுப் புதினம் கேட்டுவிட்டு வருவேன். அந்த வேலையில் எனக்கு அவ்வளவு பிடிப்பு. சம்பளம் தராவிட்டாலும் போயிருப்பேன் என்று ஒருமுறை வாய்தவறி வீட்டில் சொல்லி, மனைவியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

கண் மூன்று கிழமையில் தானாகச் சரியாகிவிட்டது. கப்டன்மார் மறுபடியும் ஒருவராக ஆனார்கள். ஆனால் சில மாதங்களில் இடது கால் மக்கர் பண்ணத் தொடங்கியது. நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், நான் தெரியாமல் வெறுங்காலோடு போய்க்கொண்டிருப்பேன். தெருவில் தள்ளாடினேன். பார்த்தவர்கள் பார்த்தபடி முடிவெடுத்தார்கள். மனைவி நான் வீட்டுப் படியேறும்போதெல்லாம் வாயை மணந்து பார்த்தாள். நான் குடிக்காத மனிதன் என்று சொல்லமாட்டேன். ஆனால் காலை எட்டு மணிக்குக் குடிக்கிறவன் இல்லை.

என் லாஞ்சியை ஓட்டியவர் கிண்ணியா முஸ்லிம், அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நானும் காக்கா என்று கூப்பிடுவேன். நல்ல மனிதர், ஆனால் உலகத்திலுள்ள எல்லா வருத்தத்துக்கும் மருந்து தன்னிடம் இருக்கிறது என்று நம்புகிறவர். இது வாதம் சேர், கன்னியா வெந்நீரில் ஏழு கிணற்றிலும் குளித்தால் பறந்துவிடும் என்று சொல்லி, தன் மச்சானின் காரில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். ஏழு கிணறும் ஏழு விதமான சூடு. காக்காவே வாளியால் அள்ளி அள்ளி ஊற்றினார். இரண்டாம் கிணற்றில் சுகமாக இருந்தது. மூன்றாம் கிணற்றில் இடது கால் ஊறிய கயிறு மாதிரித் துவண்டது. ஐந்தாம் கிணற்றில் வலது காலும் அதற்குத் துணைபோனது. வருத்தம் இறங்குகிறது சேர், அதுதான் என்று காக்கா இன்னும் உற்சாகமாக ஊற்றினார். ஏழாம் கிணறு முடிந்ததும் என்னை இரண்டு பேர் தூக்கிக் காரில் கிடத்தினார்கள். வழி முழுக்கக் காக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் கண்ட ஒரே நாள் அதுதான்.

உடம்பு ஆறியதும் கால் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. ஆனால் மனைவி பயந்துவிட்டாள். என்னைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே முதுகில் ஊசி குத்தித் தண்ணீர் எடுத்து, உள்ளங்காலைச் சுரண்டி, மூக்கைத் தொடச் சொல்லி, ஒரு கிழமைக்குப் பிறகு நரம்பு வைத்தியர் பெயரைச் சொன்னார்: மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். நரம்பைச் சுற்றியுள்ள உறை அங்கங்கே பழுதாகிறதாம். குளிர் தேசத்து வெள்ளைக்காரருக்கு வருவது, இந்த நாட்டில் மிக அபூர்வம் என்றார். தன் வாழ்நாளில் இது மூன்றாவது ஆள் என்று சொன்னபோது அவருடைய முகத்தில் ஒரு சந்தோசம் தெரிந்தது. மருந்து இல்லை, களைக்காமல் ஓய்வாக இருங்கள் என்று சொல்லி எழுந்துவிட்டார்.

இந்தச் செய்தி எங்கள் தெருவில் எனக்கு ஒரு மதிப்பைத் தேடித்தந்தது. இளவயதில் நான் இங்கிலீசு நேவியின் டொக்யார்ட்டில் சில வருடம் வேலை செய்தவன். போதாதா? வெள்ளைக்காரன் போகும்போது எண்ணெய்த் தாங்கிகளை ஊருக்கும் வருத்தத்தை எனக்கும் விட்டுப்போனான் என்று கதை கட்டினார்கள். சிலர் என்னோடு இங்கிலீசில் சுகம் விசாரிக்கத் தொடங்கினார்கள்.

ஆனால் கொழும்பில் இன்னொருவரையும் கண்டோம். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஒரு இளம் பெண், யாழ்ப்பாணப் பக்கத்தவர். டொக்டரின் முதுகு மறைந்த பிறகு கதவைச் சாத்திவிட்டு மெல்லச் சொன்னார்.

"சும்மா படுத்தா கால் நடக்க மறந்திடும் ஐயா. பத்துத் தரம் செய்யுங்கோ, இளைப்பாறுங்கோ, பிறகு பத்து. வெயில் ஏற முன்னம் செய்யுங்கோ. சூடுதான் உங்களுக்கு எதிரி."

கன்னியாக் கதையை மனைவி சொன்னாள். அந்தப் பெண் தலையில் கைவைத்துக்கொண்டு, ஒரு தாளில் ஐந்து பயிற்சிகளைக் கோட்டு மனிதர்களாக வரைந்து தந்தார். படுத்தபடி காலைத் தூக்கும் மனிதன், முழங்காலை மடக்கும் மனிதன், கதிரையில் இருந்து எழும்பும் மனிதன், ஒற்றைக் காலில் நிற்கும் மனிதன், படியில் ஏறி இறங்கும் மனிதன். இவை வருத்தத்தை மாற்றாது, ஆனால் இருக்கிற பெலத்தைக் காப்பாற்றும் என்றார். மனைவி அந்தத் தாளை வீட்டில் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினாள். விளக்கு இரண்டுக்கும் பொதுவாக எரிந்தது.

ஊர் திரும்பியபோது கந்தோரில் இருந்து கடிதம் வந்து காத்திருந்தது. மூன்று மாதம் லீவு. அதன்பிறகு திணைக்களத்து டொக்டர் முன்னிலையில் நான் ஒரு கப்பலில் ஏறிக் காட்டவேண்டும். ஏற முடியாவிட்டால் மருத்துவக் காரணத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. இரண்டு மகள்மாரும் பள்ளிக்கூடத்தில். நாற்பத்தொரு வயதில் யன்னலோரக் கதிரையில் இருந்து தெருவில் போகிற மாட்டை எண்ணுவதா?

அடுத்த நாள் விடிய நாலரைக்குப் பயிற்சி தொடங்கியது. நான் விறாந்தைக்குள் பாயில் படுத்து, காலைத் தூக்கித் தூக்கி எண்ணினேன். நாலு, ஐந்து, ஆறு, ஒன்பது, பத்து. குசினிக்குள் இருந்து மனைவி வந்து நின்றாள்.

"ஆறுக்குப் பிறகு ஒன்பது எந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

தான் எண்ணினால் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு எட்டில் நிறுத்திவிடுவதை இரண்டாம் நாள் அவளே கண்டுபிடித்தாள். மூன்றாம் நாள் செபமாலையோடு வந்து பக்கத்தில் இருந்தாள். அதில் கோத்திருப்பது பத்து மணி, ஒரு இடைவெளி, பிறகு பத்து மணி. அந்தப் பெண் சொன்ன கணக்கு மாதாவின் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மணிக்கு ஒரு அருள்நிறைந்த மந்திரம், அதன் முன்பாதியை அவள் சொல்லக் கால் மேலே போகவேண்டும். பின்பாதியை நான் சொல்லிக்கொண்டே கீழே இறக்கவேண்டும். பத்து முடிந்ததும் அவள் அடுத்த பத்துக்குரிய தேவரகசியத்தை, இயேசுவின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சியை, வாசித்து முடிக்கும்வரை எனக்கு இளைப்பாறல். ஐந்து தேவரகசியம், ஐந்து பயிற்சி. தொடக்கத்தில் தனியாக நிற்கும் மூன்று மணியைக் காலுக்குச் சூடேற்ற என்று ஒதுக்கினாள். மொத்தம் ஐம்பத்து மூன்று. செபமாலையில் கள்ளம் செய்ய ஏலாது.

செய்து பார்த்தேன். களைத்தபோது பின்பாதியை விழுங்கி நேரே ஆமெனுக்குப் பாய்ந்தேன். அவள் விரலை மணியில் இருந்து நகர்த்தவே மாட்டாள். நான் திரும்பவும் முதலில் இருந்து தூக்கவேண்டும். கோபம் வந்த நாட்களில் அவள் முன்பாதியை வேண்டுமென்றே இழுத்து இழுத்துச் சொல்லுவாள், என் கால் அந்தரத்தில் நின்று நடுங்கும். சமாதானமான நாட்களில் கடகடவென்று ஓட்டுவாள். எங்கள் குடும்ப நிலவரம் என் தொடையில் தெரிந்தது.

கிடுகு வேலிக்கு அப்பால் இருந்தவ எங்கள் கோயில் பங்கில் முக்கியமான ஒரு அக்கா. கோயிலுக்குப் பூக் கட்டுவது முதல் யார் பூசைக்கு வரவில்லை என்று பாதிரியாரான சுவாமியிடம் சொல்வது வரை அவவின் பொறுப்பு. நான் பிரசங்க நேரத்தில் வெளியே வேப்பமரத்தடியில் நின்று சிகரட் பிடிக்கிறவன் என்பது அவவுக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்டவன் விடியப்புறத்தில் முக்கி முனகி, மூச்சுவாங்கி, சில இடங்களில் அழுகிற குரலில் முழுச் செபமாலை சொல்வதை வேலியால் கேட்டு அவ உருகிப்போனா. அந்த ஞாயிறு சுவாமி பிரசங்கத்தில், நோயென்னும் சிலுவையைச் சுமந்தபடி வைகறையில் கண்ணீரோடு செபிக்கும் ஒரு குடும்பத் தலைவரைப் பற்றிச் சொன்னார். பெயர் சொல்லவில்லை. கோயில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. அன்று பார்த்து நான் உள்ளேதான் இருந்தேன், வெளியே நிற்கக் கால் விடவில்லை.

திங்கள் விடிய அக்கா பாயோடு வந்தா. புதன் ஐந்து பேர். அடுத்த கிழமை பதினொரு பேர், அன்புவழிபுரத்தில் இருந்துகூட சைக்கிளில் வந்தார்கள். செபம் சொல்ல வந்த சனத்தை வராதே என்று எப்படிச் சொல்வது? நான் உடற்பயிற்சிதான் செய்கிறேன் என்று சொன்னேன். உடம்பை வருத்திச் செபிப்பது இன்னும் விசேஷம் என்று அக்கா எல்லாருக்கும் விளக்கினா. சாரத்தோடு காலைத் தூக்க ஏலாது என்று மனைவி டொக்யார்ட் காலத்துக் காக்கிக் களிசானைத் தேடியெடுத்து மாட்டிவிட்டாள். அது இருபது வருடம் முந்திய என் இடுப்புக்குத் தைத்தது. நான் நடுவே கிடக்க, சுற்றிவர முழங்காலில் பதினொரு பேர்.

ஒரு சனிக்கிழமை, நிலாவெளியில் இருந்து மனைவியின் சின்னம்மா முதல் பஸ்ஸில் மீன் கொண்டு வந்தா. வாசலில் ஏறியதும் அவ கண்டது என்ன? மெழுகுதிரி எரிகிறது. நான் பாயில் மல்லாந்து கண்ணை மூடிக் கிடக்கிறேன், இரண்டு தேவரகசியத்துக்கு நடுவில் எனக்கு இளைப்பாறல் நேரம். சுற்றிவரச் சனம் செபமாலை சொல்கிறது. எங்கள் ஆட்களின் செத்த வீட்டில் இதைவிட வேறென்ன இருக்கும்? மீன் பை கீழே விழுந்தது. அவ தலையில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினா.

உண்மையைச் சொன்னால், நான் உடனே கண்ணைத் திறந்திருக்கலாம். ஆனால் அவ என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி இருபது வருடத்தில் நான் கேட்டதில்லை. இப்போது நான் ராசாவாம், அதிர்ந்து பேசாதவனாம், தன் கையால் சோறு வாங்கித் தின்றதும் இந்தப் பிள்ளைதானாம். எங்கள் கலியாணத்தை மறித்தவவும் அவதான், அதை இந்த இடத்தில் விட்டுவிட்டா. பக்தர்கள் இருவர் என்ன ஏதென்று தெரியாமல் அவவோடு சேர்ந்து அழுதார்கள். மனைவி மட்டும் அசையவில்லை. விரல் மணியில் இருந்தது. அடுத்த முன்பாதியைத் தொடங்கினாள், என் இடது கால் மெல்ல எழுந்து மேலே போனது.

சின்னம்மாவுக்குத் தண்ணீர் தெளித்துக் கதிரையில் இருத்தினோம். தெளிந்ததும் முதல் வேலையாக, சொன்னதையெல்லாம் திருப்பி எடுத்துக்கொண்டு புதிதாக ஏசத் தொடங்கினா.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்க, கால் பின்வாங்கிக்கொண்டிருந்தது. பதினொரு பேரின் மூச்சும் மெழுகுதிரிச் சூடும் சேர்ந்து விறாந்தை ஏழாம் கிணறாகிவிட்டது. மூன்றாவது தேவரகசியத்துக்கு மேல் கால் எழும்பவே மறுத்தது. பரிசோதனைக்கு மூன்று கிழமைதான் மிச்சம். ஒருநாள் கதிரையில் இருந்து எழும்பும் பயிற்சியில் எழும்ப முடியாமல் அப்படியே இருந்துவிட்டேன். சனம் நான் தியானத்தில் இருப்பதாக நினைத்து அமைதியாகக் காத்திருந்தது. எனக்குக் கண்ணீர் வந்தது. அதையும் பக்தி என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

மனைவி எழுந்து, துவாயை என் தோளில் போட்டாள். "நீங்கள் எல்லாரும் இருந்து சொல்லுங்கோ அக்கா. நாங்கள் கடலுக்குப் போறம்" என்றாள்.

கடற்கரை எங்கள் வீட்டில் இருந்து ஐந்து நிமிட நடை, அந்த நாட்களில் எனக்குப் பதினைந்து. அன்று முதல் இருவரும் இடுப்பளவு தண்ணீரில் நின்றோம். அவள் சேலையோடு, நான் களிசானோடு. விடியற்காலைக் கடல் குளிர்ந்து கிடக்கும், கால் பாரமில்லாமல் தானாக மேலே வரும். அவள் ஒரு கையால் என்னைப் பிடித்து, மறுகையில் செபமாலையை நனையாமல் உயர்த்தி எண்ணினாள். கரைவலைக்காரர் முதல் நாள் பார்த்துச் சிரித்தார்கள், மூன்றாம் நாள் பழகிவிட்டார்கள். வீட்டிலோ வீட்டுக்காரர் இல்லாமலே செபமாலை நடந்தது. திரும்பி வரும்போது எங்கள் தேத்தண்ணியை நாங்களே கேட்டு வாங்கிக் குடிக்கவேண்டியிருந்தது.

பரிசோதனை காலை ஏழரைக்கு என்று சொல்லியிருந்தார்கள். டொக்டர் வந்து சேரப் பத்தரை. வெயில் கொளுத்தியது. லாஞ்சியில் டொக்டர், என் மேலதிகாரி, நான், சுக்கானில் காக்கா. கப்பலை நெருங்கும்போதே இடது கால் துவளத் தொடங்கிவிட்டது. அண்ணாந்து பார்த்தேன். கேங்வே நீண்டு மேலே போனது. மூன்று மாதமும் வீணாகப் போய்விட்டது என்று நினைத்தேன். மகள்மாரின் முகம் வந்தது.

காக்கா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு வாளியைக் கடலுக்குள் விட்டு அள்ளி, மன்னிக்கோணும் சேர் என்று சொல்லி, என் தலையில் ஊற்றினார். கோட் போட்டிருந்த மேலதிகாரி துள்ளி விலகினார். இரண்டாம் வாளி. மூன்றாம் வாளி. டொக்டர் இந்த ஊர் வழக்கமாக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். கன்னியாவின் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒன்றாக, காக்கா ஏழு வாளி ஊற்றினார். எண்ணித்தான் ஊற்றினார் என்று பின்னால் சொன்னார்.

சொட்டச் சொட்டப் படியில் கால் வைத்தேன். மனதுக்குள் முன்பாதிக்கு வலது கால் மேலே, பின்பாதிக்கு இடது கால் அதே படிக்கு. பத்துப் படி, நின்றேன். தேவரகசியத்தை மனைவியின் குரலிலேயே கேட்டேன். அடுத்த பத்து, நின்றேன். கீழே மேலதிகாரி, பாருங்கள் முடியாமல் நிற்கிறார் என்று டொக்டரிடம் சொன்னது காதில் விழுந்தது. அதற்குக் காக்கா சொன்னதும் விழுந்தது.

"முடியாம இல்ல சேர். அவர் ஓதுறார். எங்கட மணிமாலையில முப்பத்து மூண்டுக்கு ஒருக்கா நிப்பம், அவங்கட மாலையில பத்துக்கு ஒருக்கா. இடையில கலைக்கப்படாது."

நாற்பத்தாறாவது படியில் கப்பலின் தளம் வந்தது. செபமாலைக் கணக்கில் இன்னும் ஏழு மணி மிச்சம் இருந்தது, மேலே படி இல்லை. நனைந்த கோழி மாதிரி வந்து நின்ற என்னைப் பார்த்துக் கப்டன், ஒரே ஒரு கப்டன், நீந்தியா வந்தீர்கள் என்று கேட்டுக் கோப்பி கொடுத்தார்.

இறங்குவது வேறு கதை. ஒவ்வொரு படியாகக் குந்திக் குந்தி இறங்கினேன், டொக்யார்ட் களிசானின் பின்புறம் அன்றோடு முடிந்தது. ஆனால் கடிதத்தில் ஏற முடியுமா என்றுதான் கேட்டிருந்தார்கள். டொக்டர் முடியும் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். ஆறு வருடம் அந்த வேலையைச் செய்தேன். பிறகு பொல்லு வந்தது, அதன்பிறகு சில்லுக் கதிரை வந்தது. கொழும்பில் அந்தப் பெண் சொன்னதுதான், வருத்தம் மாறவில்லை. ஆனால் அந்த ஆறு வருடம் என்னுடையது.

அன்று பின்னேரம் வீட்டில் அக்காவும் சனமும் நன்றிச் செபம் சொல்லிப் பாட்டும் பாடிவிட்டுப் போனார்கள். மாதா கேட்டதைத் தந்துவிட்டா என்று அக்கா மனைவியைக் கட்டிப்பிடித்தா. எல்லாரும் போனபிறகு நான் கேட்டேன், மூன்று மாதமாக விடிய விடிய மாதாவிடம் என்ன கேட்டனீர், வேலையையா, காலையா என்று.

மனைவி செபமாலையைச் சுற்றி டப்பாவுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்டும் கேக்கேல்லை" என்றாள். "நான் எண்ணினனான், அவ்வளவுதான். கேட்டு அவ தராமல் விட்டா எனக்கு அவவோட கோவம் வந்திடும். பிறகு நாளைக்கு ஆரோட இருந்து எண்ணுறது?"

அவள் டப்பாவை மூடிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி கண்ணைத் துடைத்தாள். பிறகு, காலை நாலரைக்கு எழும்போணும், கப்பல் படியில் நீங்கள் மிச்சம்விட்ட ஏழு மணியை நாளைய கணக்கில் சேர்ப்பன் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். அடுத்த நாள் அறுபது தரம் காலைத் தூக்கினேன். ஒன்றுகூட விடவில்லை.